துண்டு தொங்கும் கதவு

போன வாரம் வரைக்கும் கூடவே வந்தவர்களுக்குச் சின்னவளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்து உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் இப்படிக் காதைக் கொடுங்கள். அக்கா, தங்கை என்று இருவர். இருவருக்கும் குரல்தான் பிழைப்பு. நாவலைக் கேட்கிற புத்தகமாகப் படித்துக் கொடுப்பது, விளம்பரத்துக்குப் பேசுவது, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று சொல்வது, எல்லாம் வீட்டில் இருந்தபடியே செய்கிற வேலை. சம்பளம் கொடுக்கிற முதலாளி கிடையாது, லீவு கேட்கவும் ஆள் கிடையாது.

இருவருக்கும் ஒரே குரல். பெற்ற தாயே போனில் ஏமாந்திருக்கிறாள். அக்கா கொஞ்சம் தாழ்த்தி நிதானமாகப் பேசுவாள், தங்கை படபடவென்று பேசுவாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தப் பெரியவள் கோடைக் கடைசியில் மூளைக் காய்ச்சல் வந்து போய்விட்டாள். செய்தியைச் சொல்லத்தான் சின்னவள் அக்காவின் போனை எடுத்தாள். "ஹலோ" என்பதற்குள் எதிர்முனையில் இருந்த நாவல் கம்பெனிக்காரர், "அப்பாடா, உடம்பு சரியாயிடுச்சா மேடம்? பாதியில நின்ன நாவல் என்ன ஆகுமோன்னு பயந்தே போயிட்டோம்" என்றார். சின்னவள் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "மீதியை அனுப்பிடறேன் சார்" என்று வந்தது. குரலைத் தாழ்த்தி, நிதானமாக. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது.

அன்றிலிருந்து அவள் இரண்டு பேர் வேலையைச் செய்கிறாள். தன் வேலை போதாதென்று அக்காவுக்கு வருகிற வேலையும் அவள் தலையில். ஒன்றையாவது வேண்டாம் என்று சொல்லலாம் அல்லவா? சொல்ல மாட்டாள். சொன்னால் அக்கா இன்னொரு தரம் சாவது போல அவளுக்கு இருந்தது. ஆகவே வந்ததையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டாள். பல் தேய்த்துக்கொண்டே பாடப் புத்தகம் ஒத்திகை, தலை சீவிக்கொண்டே பெயிண்ட் விளம்பரம். உலகத்துக்கெல்லாம் பொறுமையாகக் காத்திருக்கச் சொல்கிறவளுக்கு ஒரு வாய் தேநீர் ஆறுவதற்குக் காத்திருக்க நேரமில்லை.

இந்த வாரக் கதை, அந்த நாவல் முடிய வேண்டிய நாளில் நடக்கிறது.

காலையில் மிளகு பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மிளகு என்பது அக்காவின் மகள். ஆள் சிறிது, வாய் காரம், அதனால் அந்தப் பெயர். ஆறு வயதுக்கு அப்படியொரு அதிகாரம். ஷூவுக்குள் காலை நுழைத்தபடியே கேட்டாள்.

"சித்தி, இன்னிக்குப் பெரிய கதை முடிஞ்சுடும்னு சொன்னல்ல?"

"ஆமாடா. முடிஞ்சுடும்."

"முடிஞ்சா அப்புறம் வேலை இல்லதானே?"

மேஜை மேல் இருந்த வேலைகளை நினைத்துச் சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. இருந்தாலும், கொஞ்ச நாளைக்கு இருக்காது என்று பொய் சொன்னாள். குழந்தை சந்தோஷப்படட்டுமே என்றுதான் சொன்னாள். மிளகு அதை மனசில் வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"சாயந்திரம் நான் வர்றதுக்குள்ள முடிச்சிடாத. நான் மஞ்சள் ஃப்ராக் போட்டுக்கணும்."

கதை முடிவதற்கும் மஞ்சள் ஃப்ராக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பதற்குள் வேன் வந்து ஹாரன் அடித்தது. வேலை செய்கிறவர்களுக்கு இது ஒரு வியாதி. குழந்தை சொல்வது காதில் விழும், உள்ளே போகாது.

மிளகின் அப்பா, சின்னவளுக்கு அத்தான், அதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். மனைவி போன பிறகு யாருடைய ஷிப்டையும் கேட்டு வாங்கிச் செய்கிறார். வீட்டில் இருக்கும்போதும் சின்னவள் அறைக்குள் போய்ப் படிக்க ஆரம்பித்தால், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். தான் இந்த வீட்டில் வந்து இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை போல என்று அவள் நினைத்திருந்தாள். இத்தனைக்கும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டு அவளைக் கூட்டி வந்ததே அவர்தான்.

அந்த அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முன்பு துணிமணி வைக்கிற அறை. சுவர் முழுவதும் பழைய மெத்தை விரிப்புகளையும் கம்பளிகளையும் தொங்கவிட்டு, வெளிச் சத்தம் வராதபடி பெரியவள் மாற்றியிருந்தாள். நடுவில் ஒரு நாற்காலி, மைக், சின்ன விளக்கு. ஒலிப்பதிவு நடக்கும்போது கதவின் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துண்டைத் தொங்கவிடுவாள். துண்டு தொங்கினால் வீட்டில் ஒருவரும் பேசக்கூடாது, தட்டக்கூடாது, ஃபிரிட்ஜைக்கூட அணைத்துவிட வேண்டும். துண்டு இறங்கினால் அம்மா வெளியே வருவாள். மிளகு நடக்கப் பழகும் முன்பே பழகிய சட்டம் அது.

சின்னவள் வந்த பிறகு துண்டு இறங்கவே இல்லை. வேலை ஓய்ந்தால்தானே இறங்கும்? பகலில் அங்கேயே தொங்கும், அறையைப் பூட்டும்போதும் தொங்கும். கருவிகளைக் குழந்தை நோண்டிவிடும் என்று பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள்.

அவள் உள்ளே போய் உட்கார்ந்ததும் முதலில் செய்கிற காரியம், அக்கா படித்த முதல் பாதியிலிருந்து கொஞ்சம் காதில் போட்டுக் கேட்பது. அப்போதுதான் அந்தக் குரல் பிடிபடும். வெட்டி ஒட்டாத பதிவு அது. அக்கா தண்ணீர் குடிப்பது, பக்கம் புரட்டுவது, வாக்கியத்தின் நடுவே நிறுத்திக் கதவுப் பக்கம் திரும்பி, "இதோ வந்துட்டேன்டா, ஒரு நிமிஷம்" என்று மகளிடம் சொல்வது எல்லாம் அதில் இருந்தது. ஒவ்வொரு காலையும் அந்த 'ஒரு நிமிஷ'த்தைக் கேட்டுவிட்டுத்தான் சின்னவள் வாயைத் திறப்பாள். சில நாள், தான் பேசுகிறோமா, தனக்குள் உட்கார்ந்து யாராவது பேசுகிறார்களா என்று சந்தேகமாக இருக்கும். கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

இன்று கேட்க உட்கார்ந்தபோதுதான் அக்காவின் போன் அடித்தது.

பேசியவர் கம்பெனியின் ஒலித் தொகுப்பாளர். அவருக்கு அக்கா வைத்த பெயர் 'காது'. கீழ்த்தெருவில் நாய் குரைத்தால்கூட மேல் மாடிப் பதிவில் கண்டுபிடித்துவிடுகிற மனிதர். நேரில் பார்த்ததில்லை, வருஷக் கணக்கில் போனிலேயே பழக்கம். முதலில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அடுத்த வாரம் நாவலை வெளியிடுகிறார்களாம். குரல் கொடுத்தவர் மேடைக்கு வந்தே தீர வேண்டும் என்று நிர்வாகி அம்மா சொல்லிவிட்டாராம். இத்தனை நாளும் முகம் காட்டாமல் தப்பித்தது போதும் என்றார். சின்னவள் பார்க்கலாம் சார் என்று மென்று விழுங்கினாள்.

"அப்புறம், நேத்து அனுப்பினதுல அமைதித் துண்டு இருக்கே, அது உதவாது மேடம்."

அமைதித் துண்டு என்றால் ஒருவரும் பேசாத வெறும் அறையின் பதிவு. இரண்டு வாக்கியத்துக்கு நடுவே ஒட்டுவதற்குத் தேவைப்படும். மைக்கை ஓடவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். உலகத்திலேயே சுலபமான அந்த வேலையில்கூடக் கோட்டை விட்டுவிட்டோமா என்று சின்னவளுக்கு அவமானமாக இருந்தது. நேற்றுச் சாயந்திரம் மைக்கை ஓடவிட்டவள் கம்பளியில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். குறட்டை விட்டிருப்போமோ என்று பயந்தாள்.

"உங்க பொண்ணு பேசறா. கதவுக்கு வெளிய இருந்து போல. என்னமோ ரகசியம். கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நாவல்ல அப்படியொரு பாத்திரம் இல்லையே" என்று சிரித்தார் காது. "வேற எடுத்து, கடைசி அத்தியாயத்தோட சாயந்திரத்துக்குள்ள அனுப்பிடுங்க."

போனை வைத்துவிட்டு அந்தப் பதிவைத் தேடி எடுத்தாள். குழந்தை ஏதாவது பாட்டுப் பாடியிருக்கும் என்று நினைத்தபடியே சத்தத்தை ஏற்றினாள். முதலில் ஒன்றும் இல்லை. தன் மூச்சுதான் கேட்டது. பிறகு கதவின் அடியிலிருந்து வருவது போல மிளகின் குரல், மெல்ல.

"அம்மா. நான்தான். நீ இப்பப் படிக்கலல்ல, அதான் பேசறேன். நாளைக்குக் கதை முடிஞ்சுடுமாம், சித்தி சொன்னா. முடிஞ்சதும் நேரா வெளிய வந்துடு. வேற கதை வாங்கிக்காத. நான் மஞ்சள் ஃப்ராக் போட்டுட்டு நிப்பேன்."

அப்புறம்:

"எனக்கு முன்பல் விழுந்துடுச்சு. என்னைத் தெரியும்ல?"

சின்னவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். திரும்ப ஒரு தரம் போட்டுக் கேட்கலாம் என்றால் விரல் அந்தப் பொத்தானுக்குப் போக மறுத்தது. கம்பளிகள் தொங்குகிற அந்த அறையில், யாரோ இவ்வளவு நேரமும் தன் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தாள். சுவர்தான் இருந்தது.

அம்மாவைப் பற்றி மிளகு ஒரு நாளும் கேட்டதில்லை. குழந்தைதானே, மறந்துவிட்டாள் என்று அக்கம்பக்கம் முழுவதும் சொன்னது. சின்னவளும் அப்படித்தான் நம்பினாள். பள்ளிக்கூட டீச்சர் ஒருநாள் ஆறுதலாக ஏதோ சொன்னபோது, "அவங்களுக்கு ஒண்ணும் தெரியல சித்தி" என்று மிளகு வந்து சொன்னாள். அன்றைக்கும் சின்னவளுக்கு ஏதோ அவசர வேலை. உம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அவள் அத்தானைக் கூப்பிட்டாள். லிஃப்ட் குழிக்குள் இருந்தார் போல, பேச்சு விட்டு விட்டுக் கேட்டது. மிளகுக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறாள், இருந்தாலும் உடனே வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். பாதி வேலையில் விட்டுவிட்டு வந்தார். கையில் கிரீஸ் கருப்பு. என்ன ஏது என்று கேட்டவரை அறைக்குள் கூட்டிப் போய் ஹெட்போனை மாட்டிவிட்டாள். மனைவி போன பிறகு அந்த அறைக்குள் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை என்பது, அவர் வாசலிலேயே தயங்கி நின்றபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

நின்றபடி கேட்டார். கேட்டு முடித்து, ஹெட்போனைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்தார்.

"நான்தான் சொன்னேன்" என்றார்.

"என்னன்னு?"

"அம்மா வேலைல இருக்கான்னு."

எல்லாம் முடியும் வரை மிளகை நண்பர் வீட்டில் விட்டிருந்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு போய்க் கூட்டி வந்தாராம். உள்ளே நுழைந்ததுமே அம்மா எங்கே என்று கேட்டிருக்கிறாள். பதில் சொல்ல வாய் வராமல் நிமிர்ந்தவர் கண்ணில் கதவில் தொங்கிய துண்டு பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில்கூடக் காய்ச்சலோடு உட்கார்ந்து படித்தவள் அவள். அவள் மாட்டிய துண்டு அவள் எடுக்காமல் அப்படியே இருந்தது.

"அதைப் பார்த்துட்டு வாய்ல வந்துடுச்சு. தூங்கி எழுந்ததும் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். அப்புறம் நாளைக்கு, அப்புறம் நாளைக்கு. அதுக்குள்ள நீ வந்து இந்த ரூம்ல உக்காந்து அவ குரல்ல படிக்க ஆரம்பிச்சுட்ட. நீ உள்ள போறது அம்மாவுக்கு ஒத்தாசைக்குன்னு மிளகு நினைச்சுக்கிட்டா. அதுக்கப்புறம் நான் எப்படிம்மா சொல்றது? நீ படிக்கறப்ப எனக்கே சந்தேகமா இருக்கும். கதவைத் திறந்து பார்த்துடுவேனோன்னு பயந்துதான் வெளிய ஓடிடறேன்."

இத்தனை நாளும் தன்மேல் உள்ள வெறுப்பு என்று அவள் நினைத்தது இதைத்தானா? சின்னவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு குழந்தை, இத்தனை மாதமாகப் பெற்றவளைக் கண்ணால் பார்க்காமல், கதவுக்குப் பின்னால் இருக்கிறாள் என்று எப்படி நம்பும் என்று கேட்டாள். சாப்பிட வரவில்லை, தூங்க வரவில்லை, பிறந்தநாளுக்கு வரவில்லை. எப்படி?

அத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அவ இருந்தப்பவும் அப்படித்தானேம்மா இருந்தா."

உண்மைதான். குழந்தை எழுமுன் உள்ளே போவாள், அது தூங்கிய பிறகு வெளியே வருவாள். அக்கா இருந்தபோது வந்த போன வருஷப் பிறந்தநாளுக்கு மெழுகுவத்தியைக் கதவுக்கு வெளியே வைத்து ஊதினார்கள். 'முடியாதுன்னு ஒரு தரம் சொன்னா, அடுத்த தரம் கூப்பிட மாட்டாங்க' என்று அக்கா சொல்வாள். அதைப் பெரிய சாமர்த்தியமாக நினைத்துத் தங்கையும் பிடித்துக்கொண்டாள். செத்தவளுக்கும் இருப்பவளுக்கும் வித்தியாசம் தெரியாதபடி ஒரு குழந்தையை வளர்த்திருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது. அக்காமேல் அவளுக்குக் கோபம் வந்தது. செத்துப்போனவள்மேல் கோபப்படுகிறோமே என்று வெட்கமும் வந்தது.

"இன்னிக்கு முடிக்காத" என்றார் அத்தான் திடீரென்று. "துண்டு தொங்கட்டும். வேற ஒரு நாவல் வாங்கிக்கோ. கொஞ்சம் பெரிய பொண்ணாகட்டும், அப்பச் சொல்லிக்கலாம்."

உள்ளதைச் சொன்னால், சின்னவளுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. வேலைக்கா பஞ்சம்? வேண்டிய மட்டும் வந்து குவிந்து கிடக்கிறது. இது முடிந்தால் அது, அது முடிந்தால் இன்னொன்று. அவள் படிக்கிற வரைக்கும் அக்கா உள்ளே இருப்பாள். மூச்சு முட்டுகிற இந்த வேலையை இத்தனை நாளும் திட்டிக்கொண்டே ஏன் விடாமல் பிடித்திருந்தாள் என்பது அப்போது அவளுக்கே விளங்கியது. ஓய்ந்து உட்கார்ந்தால் அக்கா இல்லை. ஓயாமல் இருந்தால் இருக்கிறாள்.

ஆனால் அந்தக் கடைசி வரி காதை விட்டுப் போகவில்லை.

"பல் விழுந்ததைச் சொல்லி வைக்கறா அத்தான். அடையாளம் தெரியாமப் போயிடும்னு பயப்படறா. அவ பயத்துக்கு நாம என்ன பதில் சொல்றது?"

அவர் கைக் கிரீஸைப் பேன்ட்டில் துடைத்தார். அது போகவில்லை, பேன்ட்டில்தான் ஒட்டியது. சாயந்திரம் சொல்லிவிடுவோம் என்று முடிவானது. யார் சொல்வது என்பது மட்டும் முடிவாகவில்லை.

பிற்பகல் முழுவதும் அவள் கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். ஆச்சரியம், ஒரு தடங்கல் இல்லை, ஒரு தப்பு இல்லை. அவ்வளவு சுத்தமாக அக்காகூடப் படித்திருக்க மாட்டாள். கடைசிப் பக்கத்தை மட்டும் விட்டுவைத்தாள். நான் வர்றதுக்குள்ள முடிச்சிடாத என்று சொல்லிவிட்டுப் போனாளே, அதற்காக.

வேன் வந்தது. மிளகு பையை வீசிவிட்டு முகம் கழுவினாள், யாரும் சொல்லாமலே. மஞ்சள் ஃப்ராக் போன வருஷத்தது, அக்குளில் பிடித்தது. பொத்தான் போட அப்பாவிடம் முதுகைக் காட்டி நின்றாள். பகலில் அப்பா வீட்டில் இருப்பதை அவள் அதிசயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு எல்லோரும் இருக்க வேண்டிய நாள் என்பது போல நடந்துகொண்டாள். அவருக்குப் பொத்தான் ஓட்டைக்குள் போகவே இல்லை. "உனக்கு ஒண்ணும் தெரியலப்பா" என்று அலுத்துக்கொண்டாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு சின்னவள் கதவின் அருகே வந்தாள். அத்தான் பின்னால் சுவரோரமாக நின்றுகொண்டார்.

"நானே எடுக்கறேன்" என்று மிளகு எம்பித் துண்டை இழுத்தாள். மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். சின்னவள் கதவைத் திறந்தாள்.

குழந்தை உள்ளே போனது. நாற்காலியைப் பார்த்தது. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தது. பிறகு சிரித்துக்கொண்டே, கம்பளிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்னால் பார்க்க ஆரம்பித்தது. ஒளிந்து விளையாடுவதாக நினைத்துவிட்டது. கடைசிக் கம்பளியைத் தூக்கி, பின்னால் சுவரைப் பார்த்த பிறகும் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றது. அந்த நேரத்தைத் தாங்கியது போல வேறெதையும் சின்னவள் தாங்கியதில்லை.

"மிளகு, இங்க வா. நான் ஒண்ணு படிக்கறேன், என் வாயைப் பாரு."

நாற்காலியில் உட்கார்ந்து, விட்டுவைத்த பக்கத்தின் முதல் வரியைப் படித்தாள். தாழ்த்தி, நிதானமாக. அக்காவின் குரல் அறைக்குள் வந்தது. மிளகு சட்டென்று கதவுப் பக்கம் திரும்பினாள். அங்கே அப்பா மட்டும் நின்றார். மறுபடி சித்தியின் வாயைப் பார்த்தாள்.

"நீயா?"

"நான்தான்டா."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்."

திட்டுவாள், அடிப்பாள், ஓடிப்போவாள் என்றெல்லாம் எதிர்பார்த்தாள் சின்னவள். மிளகு அதெல்லாம் செய்யவில்லை. இன்னும் கொஞ்சம் படி என்றாள். படித்தாள். குழந்தை கண்ணை மூடிக்கொண்டது. மூடியதும் முகம் மலர்ந்தது, விழுந்த பல்லின் இடம் தெரிந்தது. திறந்தது, சித்தியைப் பார்த்தது, மலர்ச்சி போய்விட்டது. மறுபடி மூடியது. மறுபடி திறந்தது. பக்கம் முடிய ஒரே ஒரு வரி இருக்கும்போது, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னது.

"மூடினா அம்மா இருக்கா. திறந்தா நீ இருக்க."

பிறகு திரும்பி, "வேலைல இருக்கான்னு நீதானேப்பா சொன்ன?" என்று கேட்டது.

அத்தான் உள்ளே வந்து மண்டியிட்டார். சின்னவள் குறுக்கே பேசவில்லை. இது அவர் சொல்ல வேண்டியது.

"அப்பா பொய் சொல்லிட்டேன்டா. அம்மா வேலைல இல்ல. அம்மா செத்துப் போயிட்டா."

"ஆஸ்பத்திரிலயா?"

"ஆமா."

"வரவே மாட்டாளா?"

"வரமாட்டா."

மிளகு யோசித்தாள். கையில் இருந்த துண்டைப் பிரித்து, மறுபடி மடித்தாள். பிறகு சின்னவளிடம், கோபமே இல்லாமல், ஷூவை இந்த இடத்தில் வை என்று சொல்வது போலச் சொன்னாள்.

"அப்ப நீ இனிமே அப்படிப் பேசாத சித்தி."

சொல்லிவிட்டுத்தான் அழுதாள். அப்பாவின் கிரீஸ் படிந்த சட்டையில் முகத்தை வைத்து, முதலில் மெல்ல. அந்த அறைக்கு வெளியே சத்தம் போடாமல் இருந்தே பழகியவள் அல்லவா? "சத்தமா அழலாம்டா" என்றாள் சின்னவள். அதன் பிறகு கம்பளிகளையும் தாண்டி வீடு முழுவதும் கேட்டது. அத்தானும் அழுதார். சின்னவள் அவர்கள் இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அக்கா போன அன்றைக்கு அழ வேண்டியதை, ஒன்றாக உட்கார்ந்து, மூவரும் இப்போதுதான் அழுதார்கள்.

அக்காவின் போன் அடித்தது. காதுதான். கம்பெனியில் கடைசி அத்தியாயத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

சின்னவள் எடுத்தாள். பழக்கத்தில் தொண்டை தானாகத் தாழ்ந்தது. மிளகு அப்பாவின் தோளிலிருந்து முகத்தைத் தூக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹலோ" என்றாள் சின்னவள். மாதக் கணக்கில் அந்தப் போனில் பேசாத தன் சொந்தக் குரலில். அது கரகரவென்று, அவசரமாக, அழுகை ஒட்டிக்கொண்டு வந்தது.

"யாரு பேசறது?" என்று கேட்டார் காது.

அக்கா போன பிறகு அவளிடம் ஒருவரும் கேட்காத கேள்வி அது. சின்னவள் தன் பெயரைச் சொன்னாள். தங்கை என்றாள். அக்கா எப்போது போனாள் என்பதையும் சொன்னாள்.

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. போன் துண்டிக்கப்படவும் இல்லை. அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.